பால் காய்ச்சாத வீட்டுத் தோட்டம்

சூட்கேஸை இழுத்துக்கொண்டு ரயில் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். திங்கட்கிழமை மத்தியானம். வெயில் இருந்தது, சூடு இல்லை. நியூ ஜெர்சியில் மார்ச் கடைசியில் அடிக்கும் வெயில் அப்படித்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கோடை. வெளியே வந்தால் காது சிவந்துவிடும்.

பிஸ்கட்டவேயில் நடந்து போகிறவன் என்றாலே ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். சூட்கேஸோடு நடப்பவன் என்றால் கேட்கவே வேண்டாம். பாதி ரோட்டில் நடைபாதை தீர்ந்துவிடும். அப்புறம் யாரோ ஒருவருடைய புல்வெளி ஓரமாகத்தான் போக வேண்டும். எனக்கு இது பழக்கம்தான். எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்பியவன், இன்னும் எங்கும் போய்ச் சேரவில்லை. கப்பல் சமையலறை, துபாயில் லேபர் கேம்ப் கேன்டீன், அப்புறம் இங்கே ஒரு கோயில் மடப்பள்ளி... விசா பேப்பர்கள் ஒருவழியாகச் சரியான பிறகு, ஊர் ஊராகப் போய் யாருக்காவது சாம்பார் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

'இப்போ எந்த ஊர்ல இருக்கீங்க?' என்று இதைப் படிக்கும் உங்களில் சிலர் விடாமல் கேட்டு எழுதுகிறீர்கள். போன வாரம் வரை அதற்குப் பதில் இருந்தது — கோமதி அக்கா வீட்டு பேஸ்மென்ட். இப்போது அந்த வீட்டை விட்டுத்தான் நடந்துகொண்டிருந்தேன். வீடு கைமாறிவிட்டது. டெக்சஸில், பேர்லேண்ட் கோயிலுக்குப் பக்கத்தில் கேட்டரிங் நடத்துகிறான் என் பழைய கப்பல் கூட்டாளி செல்வம். "சித்திரை பொறந்தா ஆர்டர் குவியும் மாப்ள. இப்பவே வந்து கிச்சனப் புடிச்சுக்க" என்று ரூமும் பார்த்து வைத்துவிட்டான். நல்ல வேலை. பனி கிடையாது. வேறென்ன வேண்டும்?

அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

கோமதி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நங்கநல்லூர்க்காரர். ஒரு ஆஸ்பத்திரி லேபில் முப்பது வருடம் போல வேலை. இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்பும் வேலை. போன செப்டம்பரில் ஓய்வு பெற்றார். பெற்ற கையோடு ஒரு மூட்டை துலிப் கிழங்கு வாங்கிவந்து கராஜில் வைத்தார். சின்ன வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில்.

இந்த ஊரில் நம்மவர்கள் வீட்டு கராஜில் கார் நிற்குமோ நிற்காதோ, வெங்காய மூட்டை நிற்கும். துலிப் கிழங்கும் பார்க்க அச்சு அசல் வெங்காயம்தான். வாடகையில் பாதியை வேலையாகச் செய்து கழிப்பதாக நான் பேஸ்மென்டுக்கு வந்த புதிது. வத்தக்குழம்புக்கு என்று எடுத்து நான்கைந்தை உரித்தும்விட்டேன்.

"மாணிக்கம், அது வெங்காயம் இல்ல. பூ" என்றார் அக்கா.

"பூவா? எப்பக்கா பூக்கும்?"

"ஏப்ரல்ல."

அப்போது அக்டோபர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏப்ரலில் எங்கே இருப்பேன் என்று தெரிந்து எதையாவது செய்து எனக்குப் பழக்கமே இல்லை. அக்கா சிரிக்கவில்லை. "முப்பது வருஷமா பக்கத்து வீட்டுத் தோட்டத்த காருக்குள்ள இருந்தே பார்த்துட்டுப் போயிருக்கேன். இந்த வருஷம் உக்காந்து பார்க்கணும்" என்றார்.

சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு பாத்தி வெட்டினேன். வெங்காயம் நடுவதுபோல மேலாக நட்டேன். மறுநாளே அணில்கள் பாதியைத் தோண்டி வெளியே போட்டிருந்தன. திரும்ப ஒரு சாண் ஆழத்தில் நட்டேன். மேலே இலைச்சருகு. அதற்கு மேலே டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி.

பாத்தியோரத்து வழியில் பனியை வாரி ஒதுக்கும்போதெல்லாம் அடியில் அவை இருக்கின்றனவா, அழுகிவிட்டனவா என்று நினைப்பேன். நினைத்து என்ன செய்ய? தோண்டியா பார்க்க முடியும்?

குளிர் நாட்டில் வசந்தம் எப்படி வரும் தெரியுமா? முதலில் வதந்தியாக வரும். மார்ச் முதல் வாரத்தில் ஒருநாள் திடீரென்று வெயில் காயும். வெள்ளைக்காரர்கள் அரை டிராயரோடு நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். நம்மவர்கள் ஜாக்கெட்டைக் கழற்றாமல் சந்தேகத்தோடு வீட்டுப் பின்னால் மர டெக்கில் நிற்பார்கள். மறுநாள் பனி கொட்டும் — வதந்திக்கு மறுப்பு. இப்படி இரண்டு மூன்று தடவை. எல்லாம் பொய் என்று முடிவு கட்டிய பிறகு, ஒரு காலையில் மண் வாசம் வரும்.

மழைக்கு எழும் மண் வாசம் இல்லை, இது வேறு. உறைந்து கிடந்த மண் இளகும்போது வரும் வாசம். கொஞ்சம் ஈரச் சாக்கு, கொஞ்சம் இரும்பு. எனக்கு அதைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சை இழுத்தார். "ஹீட்டர் ஓடுதுக்கா" என்றேன். "ஓடட்டும்" என்றார்.

அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் காலையில் காபி டம்ளரோடு பின்வாசல் படிக்கட்டில். நான் மங்கி கேப். அவர் இரண்டு ஸ்வெட்டர். டம்ளரின் சூடு போவதற்குள் தோட்டத்தை ஒரு சுற்று பார்த்துவிட வேண்டும். முதலில் புல்லுக்குள் விரல் உயரத்தில் மஞ்சளாகக் குரோக்கஸ் பூ வந்தது. யாரும் நட்டதில்லை, முன்னால் இருந்த யாரோ எப்போதோ போட்டது. அதன் மேல் பனி விழுந்தது. பனி கரைந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல அது நின்றது. வேலியோரம் தானாக முளைத்த சைவ்ஸை, வெங்காயத்தாள்போல நறுக்கி ரவா தோசையில் போட்டேன். நெஞ்சு சிவந்த ராபின் பறவை ஒன்று மண்புழுவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். புழு அந்தப் பக்கம் இழுக்கும். அக்கா புழு கட்சி.

அப்புறம் ஒருநாள், பாத்தியில் சிவப்பாக ஒரு முனை. சுருட்டி வைத்த வெற்றிலைபோல. பக்கத்தில் இன்னொன்று. குனிந்து பார்க்கப் பார்க்க எங்கும்.

என்னை எதிர்பார்த்து யாரோ வந்து நின்றதுபோல இருந்தது. இதைச் செல்வத்திடம் சொன்னால் சிரிப்பான். உங்களிடம் சொல்லலாம்.

அதே வாரம்தான் கலிஃபோர்னியாவிலிருந்து போன் வந்தது. அக்காவின் மகள் தீபா அங்கே பே ஏரியாவில் இருக்கிறாள். இரட்டைக் குழந்தைகள், சொன்ன தேதிக்கு ரொம்ப முன்னாலேயே பிறந்துவிட்டன. அக்கா ஏற்கெனவே வீட்டை விற்கச் சம்மதித்திருந்தார். மே மாதம் போவதாக இருந்தது. எல்லாம் முன்னுக்கு இழுக்கப்பட்டது. வாங்குகிறவருக்கும் அவசரம். பேங்க் சொன்ன வட்டி மார்ச்சோடு முடிகிறதாம். பேங்க்குக்குப் பங்குனி, மார்கழியெல்லாம் கிடையாதே.

சனிக்கிழமை தீபாவின் கணவர் வந்து கூட்டிப்போனார். கிளம்பும்போது தீபா போன் ஸ்பீக்கரில் சமாதானம் சொன்னாள். "அம்மா, இங்க வருஷம் ஃபுல்லா ஸ்பிரிங்தாம்மா. நீ டெய்லி கார்டன்ல உக்காரு."

"வருஷம் ஃபுல்லா இருந்தா அதுக்குப் பேரு ஸ்பிரிங்காடி?" என்றார் அக்கா.

காரில் ஏறிய பிறகு கண்ணாடியை இறக்கி, "மாணிக்கம், போறதுக்கு முன்னாடி ஒருவாட்டி மருந்து அடிச்சுடுங்க" என்றார். அவ்வளவுதான். அழவில்லை. பாத்திப் பக்கம் பார்க்கவும் இல்லை.

மருந்து என்றால் மானுக்கு. பிஸ்கட்டவேயில் மான் தெருநாய் மாதிரி. சாயங்காலமானால் நாலைந்து சேர்ந்து வீடு வீடாக மேயும். டாஃபடில் பூவைத் தொடாது. துலிப் என்றால் பாயசம். முளைத்த முதல் வாரத்திலேயே ஓரத்தில் இருந்ததை மொட்டையடித்துவிட்டன. அக்கா எங்கோ கேட்டு ஒரு மருந்து தயாரித்தார்: முட்டை, பூண்டு, மிளகாய்த்தூள். பெருங்காயம் மட்டும் அவருடைய சொந்தச் சேர்க்கை. மிக்ஸியில் அடித்து வடிகட்டி ஸ்ப்ரே பாட்டிலில். தோட்டம் முழுக்கக் கெட்டுப்போன ஆம்லெட் வாசம். ஆனால் மான் வேலியோடு நின்றுவிட்டது. ஒரே ஒரு சிக்கல், மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். திரும்ப அடிக்க வேண்டும்.

ஞாயிறு சாயங்காலம் அடித்துவிட்டுத்தான் திங்கட்கிழமை கிளம்பினேன். மொட்டு இலைக்குள்ளிருந்து தலை நீட்டிக்கொண்டிருந்தது. இன்னும் பச்சைதான். என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது. மூட்டையில் எல்லாம் கலந்திருந்தது.

சரி, ரோட்டுக்கு வருகிறேன். ஒரு கார் என்னைத் தாண்டிப் போய், நின்று, பின்னால் வந்தது. வீட்டை வாங்கிய தினேஷ். கோபிசெட்டிபாளையத்துப் பையன், மருந்துக் கம்பெனியில் ஐ.டி. வேலை. முன் சீட்டில் அவனுடைய அம்மா. குடிபோவதற்காக ஊரிலிருந்து வந்தவர், சால்வைக்கு மேல் சால்வை.

"என்னங்க இது, ஊட்டுல சண்ட போட்டுட்டுக் கெளம்புன மாதிரி பொட்டியோட போறீங்க?" என்றார் அந்த அம்மா.

"சண்டை போட ஆள் இல்லைங்கம்மா. டெக்சஸ் போறேன்."

"ஏறுங்ண்ணா, ஸ்டேஷன்ல விட்டுடறேன்" என்றான் தினேஷ். ஏறினேன். பேச்சுவாக்கில், எப்போது குடி வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"சித்திரை பொறந்துதாங்ண்ணா. பங்குனில அம்மா ஒத்துக்க மாட்டாங்க."

"பங்குனில எவனாச்சும் பால் காய்ச்சுவானாடா?" என்றார் அம்மா, ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சித்திரை பிறக்க இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது. துலிப் பூப்பதும் இந்த இடைவெளியில்தான். ஒருத்தர் போய்விட்டார், இன்னொருத்தர் வரவில்லை. பூட்டிய வீட்டுக்குப் பின்னால் யாருக்காக அது பூக்கும்? பூக்கத்தான் விடுமா மான்?

"தினேஷ், பின்னாடி ஜன்னலுக்குக் கீழ ஒரு பாத்தி இருக்கு. மழை பெஞ்சு நின்னதும் ஒரு மருந்து அடிக்கணும். ரொம்ப ஈஸி. முட்டை, பூண்டு..."

"முட்டையா?" அம்மா முழுசாகத் திரும்பிவிட்டார். "ஏனுங்க, பால் காய்ச்சாத ஊட்டுல முட்டையடிக்கச் சொல்றீங்க. நல்லா இருக்குதுங்களே."

"வீட்டுக்குள்ள இல்லைங்கம்மா. தோட்டத்துல."

"தோட்டம் ஆரு ஊட்டுதுங்க?"

தினேஷ் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, விட்டுடுங்ண்ணா என்பதுபோலக் கண்ணைச் சுருக்கினான். நான் விடவில்லை.

"முட்டைக்குப் பதிலா புளிச்ச மோர் ஊத்தலாம். மத்ததெல்லாம் அதேதான்."

அம்மா யோசித்தார். மோருக்கு எதிராக அவரிடம் சட்டம் எதுவும் இல்லை. "கேக்குமுங்களா மானு?"

"தெரியலைங்கம்மா. போட்டுப் பார்த்ததில்ல. அடிச்சுட்டு சாயந்திரம் யாராச்சும் நின்னு பார்க்கணும்."

"அது என்ன பூவுங்க, இத்தன பாடு படறீங்க?"

"துலிப்."

"எத்தன நாளைக்குப் பூக்கும்?"

"பத்து நாள். வெயில் ஏறிட்டா அதுவும் இல்ல."

"நட்டது?"

"அக்டோபர்ல."

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "ஆறு மாசம் காத்திருந்து பத்து நாளு. கட்டுப்படி ஆகாத வெள்ளாமைங்க."

"நான் சனிக்கெழம வேணா வந்து அடிக்கறேங்ண்ணா" என்றான் தினேஷ். "இன்னிக்கு லீவு போட்டேன். மத்த வீக்டேல முடியாது. ஆபீஸ் விட்டு அபார்ட்மென்ட்டுக்குப் போறதுக்கே இருட்டிடுது." நல்ல பையன். பொய் சொல்லவில்லை. ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, சூட்கேஸை எடுத்துக் கொடுத்து, "நீங்க இங்க இருந்தீங்கன்னா எப்ப வேணா தோட்டத்துக்குப் போயிருக்கலாம். உள்ள தங்கறதுக்குத்தான்..." என்று இழுத்தான்.

"பால் காய்ச்சணும், தெரியும்" என்றேன்.

பிளாட்பாரத்தில் உட்கார்ந்தேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வேலியில் ஃபோர்சித்தியா பூத்துக் கிடந்தது. இலையே இல்லாமல், குச்சி முழுக்க மஞ்சள். ரயிலுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குறை சொல்லவில்லை. அவர்களுக்கு அது அடுத்த வருடமும் இருக்கும் என்ற நம்பிக்கை. வீடு இருப்பவனுக்கு வசந்தம் திரும்ப வரும். என்னை மாதிரி ஆளுக்கு ஒவ்வொரு ஊரிலும் ஒரே ஒரு வசந்தம்தான். அதையும் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பிக்கொண்டே இருந்திருக்கிறேன். துபாயில் கேன்டீனுக்குப் பின்னால் ஒரு மல்லிச் செடி வைத்தேன். பூத்ததா? யாரைக் கேட்பது?

பிளேன் பிடிக்க நான் ஏற வேண்டிய நியூவர்க் ரயில் வருகிறது என்று அறிவிப்பு வந்தது. கூடவே மழை.

பெரிய மழையெல்லாம் இல்லை. தூறல் விழுந்து, கனத்து, கால் மணி நேரம் பெய்திருக்கும். ரயில் வந்தது, கதவு திறந்தது. நான் கூரைக்கு அடியில் நின்றுகொண்டு, ஞாயிற்றுக்கிழமை அடித்த மருந்து இலையிலிருந்து சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணால் இல்லை, மனசால். கதவு மூடியது.

செல்வத்துக்குப் போன் போட்டேன்.

"பூவப் பாக்கணுமா?" என்றான். "மாப்ள, உண்மையச் சொல்லு. யார்ரா அந்தப் பொம்பள?"

"பொம்பளயெல்லாம் இல்லடா."

"வயசான காலத்துல ஏன்டா மறைக்கற. ஒரு வாரம் டைம் தரேன். அதுக்கு மேல வேற ஆளப் போட்டுடுவேன்."

"போட்டுக்க" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது.

திரும்பி நடந்தேன். வழியில் ஒரு இந்தியன் குரோசரி. கல்லாவில் ஒரு அம்மா, கடைக்குச் சொந்தக்காரர் என்று உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. விருதுநகர்ப் பக்கத்துப் பேச்சு.

"புளிச்ச மோர் கிடைக்குமா?"

"எல்லாம் ஃப்ரெஷ்ஷுதான் வச்சிருக்கோம்."

"புளிச்சதுதான் வேணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "கட தொறந்த நாள்ல இருந்து ஒரு ஆளு இப்படிக் கேட்டதில்ல." உள்ளே போய், தூக்கிப் போட வைத்திருந்த தயிர் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். காசு வாங்கவில்லை. பூண்டுக்கும் மிளகாய்த்தூளுக்கும் பெருங்காயத்துக்கும் மட்டும் வாங்கினார். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார், அதையும் சொன்னேன். "மாவு அரைக்கற ஆளு நின்னுட்டாரு. காலைல ஆறு மணிக்கு வந்து பாருங்க" என்றார். மூலையிலிருந்த மிக்ஸியையும் காட்டினார். அங்கேயே அடித்து, ஒரு காலி ஸ்ப்ரே பாட்டிலில் வடிகட்டிக்கொண்டேன்.

நான் போனபோது மழை விட்டிருந்தது. பாத்தி ஈரமாக, முழுசாக இருந்தது. எந்த மானும் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு இலையாக அடித்தேன். இலையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. வாசம் முட்டை அளவுக்கு மோசமில்லை, அதனாலேயே எனக்குக் கவலையாக இருந்தது. பின்வாசல் படிக்கட்டில் உட்கார்ந்தேன். உள்ளே போகக்கூடாது, படிக்கட்டுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

வெளிச்சம் மங்கும்போது வேலியோரம் மூன்று மான்கள் வந்தன. முன்னால் நின்றது கழுத்தை நீட்டி மோந்தது. நான் அசையவில்லை. அதுவும் அசையவில்லை. அப்புறம் காதை ஒரு உதறு உதறிவிட்டு, பக்கத்து வீட்டுப் பக்கம் நடந்தது. மற்றவை பின்னாலேயே போயின. மோர் வேலை செய்ததா, என்னைப் பார்த்துப் போனதா? தெரியாது. நாளைக்கு நான் இல்லாமல் இருந்து பார்த்தால்தான் தெரியும். அப்படிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

கோமதி அக்காவுக்கு வீடியோ அனுப்பினேன். இருட்டில் ஒன்றும் தெரிந்திருக்காது. பச்சை மொட்டுகளும் என் மூச்சுச் சத்தமும்தான். "நீங்க இன்னும் போகலையா?" என்று வந்தது பதில். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "முதல் மொட்டு விரிஞ்சதும் போன் பண்ணுங்க. எந்த நேரமா இருந்தாலும் பரவால்ல. நான் குழந்தைங்களோட முழிச்சுட்டுதான் இருப்பேன்."

அன்று ராத்திரி, முன்பு ஒரு ஹோட்டலில் கூட வேலை பார்த்த நண்பன் ஒருவன் சோபாவில் இடம் கொடுத்தான். காலையில் ஆறு மணிக்குக் கடைப் பின்கதவைத் தட்டினேன். ஊறிய அரிசி, உளுந்து, ஆள் உயரத்துக்கு ஒரு கிரைண்டர். ஏப்ரனைக் கையில் கொடுத்துவிட்டு அந்த அம்மா கேட்டார்: "எத்தன நாள் இருப்பீங்க? சும்மா சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டேன்."

நான் போன எல்லா ஊரிலும் இந்தக் கேள்வி உண்டு. எல்லா ஊரிலும் 'நிரந்தரமாத்தான்' என்றே சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை மட்டும், "பூ கொட்டற வரைக்கும்" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சரி, அதுக்குள்ள இந்தக் கிரைண்டரக் கழுவிருங்க."